இருபத்து மூன்று கொப்பியும் ஒரு வெள்ளை மாத்திரையும்

சண்முகவடிவு என்று கேட்டால் எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. "கொப்பி அக்கா" என்றால் வாசல் காவல்காரர் முதல் பெரிய டொக்டர் வரை தெரியும். நான் மட்டும் வடிவக்கா என்பேன். அதுவும் கோபம் இல்லாத நாட்களில்தான்.

கோபம் இல்லாத நாட்கள் குறைவு. நான் ஜெயந்தினி, மாதாந்த கிளினிக்கில் நர்ஸ். நுவரெலியா மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறது எங்கள் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், பிறகு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். கிளினிக்கில் தமிழ் பேசும் நர்ஸ் நான் ஒருத்திதான். அதனால் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் அத்தனை பிரஷரும் சுகரும் என் தலையில்தான் விழும்.

மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை காலை, முதல் பஸ் வந்து நின்றால் முதலில் இறங்குவது ஒரு ரோஸ் நிற ஸ்கூல் பேக். அதன் முகப்பில் ஒரு பூனை கண்ணடிக்கும். பேரப்பிள்ளை வேண்டாமென்று வீசிய பையாம். பைக்குப் பின்னால் வடிவக்கா இறங்குவார். பைக்குள் இருபத்து மூன்று கிளினிக் கொப்பிகள், நோயாளியின் மருந்துக் குறிப்பு எழுதும் நோட்டுகள். கொப்பிக்குச் சொந்தக்காரர்கள் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு கொப்பியும் பொலித்தீன் பையில் சுற்றி நூல் கட்டியிருக்கும். பச்சை நூல் பிரஷர், சிவப்பு நூல் சுகர், இரண்டும் கட்டியிருந்தால் இரண்டும். வடிவக்கா படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் எது யாருடைய கொப்பி, போன மாதம் எவ்வளவு இருந்தது, எந்த மாத்திரை முடிந்தது என்று கொப்பியைத் திறக்காமலே ஒப்பிப்பார்.

"ஆள் இல்லாம மருந்து குடுக்க ஏலாது வடிவக்கா. பிரஷர் பாக்கணும்ல?"

"இராமையா அண்ணனுக்கு நூத்தி நாப்பதுன்னு போடுங்க மிஸ்ஸி. அவருக்கு எப்பவும் அதுதான்."

"நீங்க அளந்து பாத்தீங்களா?"

"அண்ணன் மூஞ்சியப் பாத்தாலே தெரியும். நூத்தி அறுபதுன்னா பொஞ்சாதியத் திட்டுவாரு. இந்த மாசம் திட்டவே இல்ல."

இதற்கு எந்தச் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது? சட்டப்படி நான் இருபத்து மூன்று கொப்பியையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் நானும் கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில், பிறந்தவள். கிளினிக்குக்கு வந்தால் ஒரு நாள் பேரும் அதற்குரிய சம்பளமும் போய்விடும், அடுத்த நாள் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் கங்காணியின் முகமும் கோணும் என்று எனக்கும் தெரியும். அதனால் திட்டுவதும் நான்தான், எடுத்துக் கொடுப்பதும் நான்தான். ஐயோ, அந்த இருபத்து மூன்று கொப்பியையும் எழுதி முடிக்கையில் என் விரல் வளைந்துபோகும்.

வடிவக்காவின் கதையை லயத்தில் கேட்டால் தராசில் ஏறிய கதையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பதினெட்டு வயதில் கூடை மாட்டியவர் அவர். ஒரு மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது, ஈரக் கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா எல்லாருக்கும் கிலோ கழித்துக்கொண்டே போனாராம். வடிவக்காவின் முறை வந்தது. கூடையை இறக்கிவிட்டுத் தராசில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். "நானும்தாங்க காலையில இருந்து நனைஞ்சிருக்கேன். எனக்குள்ள எத்தன கிலோ தண்ணின்னு கழிச்சுச் சொல்லுங்க" என்றாராம். மலையே சிரித்தது. கண்டாக்கையாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு யாருக்கும் தண்ணீர் கழிக்கவில்லை.

ஐம்பத்தைந்தில் கூடையை இறக்கி வைத்தார். மகன் கொழும்பில், புருஷன் காலமாகிவிட்டார், கையும் காலும் சும்மா இருக்க மறுத்தன. லயத்தில் எதிர்வீட்டுக் காம்பராவில் இருக்கும் இராமையா அண்ணனுக்குக் காலில் புண் வந்து மலை இறங்க முடியாமல் போனபோது, "கொப்பியக் குடுங்க, நான் போய் வாங்கியாறேன்" என்று கிளம்பினார். ஒரு கொப்பி மூன்றாகி, மூன்று இருபத்து மூன்றானது. மூனாங்கட்டைத் தோட்டத்தின் மேல் லயம் முழுவதும் எட்டு வருடமாக அந்தப் பூனைப் பையை நம்பித்தான் மாத்திரை விழுங்குகிறது.

வடிவக்காவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வரிசையில் நிற்க மாட்டார். நூற்றைம்பது பேர் நிற்கும் வரிசைக்குக் குறுக்கே வந்து, ஜன்னலில் தலையை நீட்டி, "மிஸ்ஸி, அவசரம்!" என்பார். நான் பதறிக்கொண்டு எழுந்து போனால், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பார். இன்னொரு நாள் பருப்பு ஊறப் போட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார். ஒருமுறை, லயத்தில் குழாய்த் தண்ணீர் வரும் நாள் என்றார். அப்புறம் அப்புறம் நான் எழுந்து போவதை நிறுத்திவிட்டேன்.

போன வருடம் ஐப்பசி மாதத்துப் புதன்கிழமையும் அப்படித்தான் விடிந்தது.

"மிஸ்ஸி, அவசரம்!"

நான் தலையைத் தூக்கவில்லை. "வரிசையில நில்லுங்க வடிவக்கா."

"இல்லங்க மிஸ்ஸி, இது நெசமாவே அவசரம். புள்ளைக்கு முடியலை."

நிமிர்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு பெண் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள். வடிவக்காவின் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் ஜீவராணி, முப்பத்தெட்டு வயது. மேல் லயத்தில் அவளை விட வேகமாகக் கொழுந்து எடுக்க ஆள் இல்லை என்று வடிவக்காவே சொல்லக் கேட்டிருக்கிறேன். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், நடுக்கமாம். நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. விரலில் கிளிப்பை மாட்டி நாடியைப் பார்த்தேன். எழுபத்தாறு.

இந்த இடத்தில் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கிருமி ரத்தத்தில் ஏறி உடம்பு முழுக்கப் பரவினால் பிரஷர் விழ ஆரம்பிக்கும். செப்டிக் ஷொக் என்பது அதன் முற்றிய நிலை. அப்போது உடம்பு முதல் வேலையாக நெஞ்சை விரட்டும். நாடி நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று ஓடும். நாடி ஓடினால் நாங்களும் ஓடுவோம். எழுபத்தாறு என்பது சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும் ஆளின் நாடி.

"நாடி நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பனடோலக் குடுத்து அந்த பெஞ்சில உக்கார வைங்க. பிரஷர் பாக்கிற மிஷின் முன்னால வரிசையில இருக்கு, வந்ததும் பாப்போம்" என்றேன். வடிவக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த கொப்பியைத் திறந்துவிட்டேன்.

நாற்பது நிமிடம். பெஞ்சிலிருந்து ஏதோ விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். ஜீவராணி தரையில் கிடந்தாள். வடிவக்கா அவள் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டிலில் போட்டுப் பிரஷர் பார்த்தோம். மேல் அளவே எழுபத்து நான்கு. கை கால் குளிர்ந்து, முழங்காலில் திட்டுத் திட்டாக நீலம். கேட்டதற்கு ஏதோ உளறினாள். நாடி மட்டும் எழுபத்தெட்டு. அந்த மிஷின் டக் டக்கென்று ஒன்றும் நடக்காதது போலச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வேலையில் இருந்தவர் டொக்டர் நிரோஷன். மட்டக்களப்பு ஆள், வயது முப்பத்திரண்டு. அவசரப்படாதவர், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். அவரே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"காய்ச்சல் நூத்தி மூணு. பிரஷர் இல்லை. நெஞ்சு ஏன் ஓடுதில்லை?" என்று தனக்குத்தானே கேட்டார். ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்த்தார். அதில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "கிருமிதான் காரணமெண்டா இந்த நாடி பொருந்தாது. நெஞ்சிலதான் ஏதோ கோளாறு போல. அப்படியெண்டா சேலைனை வேகமா ஏத்த ஏலாது, நுரையீரல்ல தண்ணி கட்டிரும். கண்டிக்கு அனுப்புறதுதான் நல்லம்."

கண்டிக்கு மூன்று மணி நேரம். மழையில் மண் சரிந்தால் இன்னும் கூட. டொக்டர் வாசலைப் பார்த்துக் கேட்டார். "இவங்க ஏதும் மருந்து பாவிக்கிறவங்களா? பிரஷர், நெஞ்சு வருத்தம், ஏதாவது?"

ஜீவராணிக்குக் கொப்பியே கிடையாது. புருஷன் அழகன் கினிகத்தேனையில் ஒரு கடையில் வேலை. போனில் கேட்டோம், "ஒரு மாத்திரையும் இல்லைங்க, நல்ல சுகமான ஆளுங்க" என்று அழுதார். வாசலில் வடிவக்கா பூனைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. எனக்கு அன்றைக்குத் தெரியாது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் இராமையா அண்ணனுக்கு மூச்சு இழுப்பு வந்ததால் அவருடைய வெள்ளை மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரை கொடுத்தோம். அந்த வெள்ளை மாத்திரை நாடியை அடக்குவது. மூச்சு இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. பழைய மாத்திரை ஏழெட்டு அட்டை மிச்சம் இருந்தது. சோற்றுப் பருக்கையைக்கூட வீணாக்காத வடிவக்கா அதை வீசுவாரா? அந்த நேரம் பார்த்து ஜீவராணியின் மகள் ஓ.எல். பரீட்சை எழுதினாள். பரீட்சை எழுதியது மகள், நெஞ்சு படபடத்தது அம்மாவுக்கு. "இதப் போட்டுப் பாருடி" என்று வடிவக்கா கொடுத்தார். படபடப்பு நின்றுவிட்டது. அதிலிருந்து தினம் ஒன்று. வடிவக்காவுக்கு அதில் ஒரு பெருமை வேறு.

சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பூனைப் பை போய்விடும். எட்டு வருடம் லயம் வைத்த நம்பிக்கை போய்விடும். பொலிசுக்குக்கூடச் சொல்லலாம். ஜீவராணிக்கு ஏதாவது ஆகிவிட்டால், அழகனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவில் எப்படி இருப்பது?

டொக்டர் கண்டிக்குப் போன் எடுக்கத் திரும்பினார்.

"ஐயா."

வடிவக்காவின் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை. உள்ளே வந்தார். பையின் சிப்பைத் திறந்து, கட்டிலின் பக்கத்தில் இருந்த மேசையில் அப்படியே கவிழ்த்தார். இருபத்து மூன்று கொப்பியும் சரிந்தன. அடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது அவ மாத்திரை இல்லைங்க. இராமையா அண்ணனோடது. நான்தான் குடுத்தேன். ரெண்டு மாசமா குடுக்கிறேன். இன்னைக்குக் காலையிலயும் ஒன்னு குடுத்தேன். பஸ்ஸுக்கு நிக்கயில நடுங்குனா, நெஞ்சுதான் துடிக்குதுன்னு நெனைச்சு இன்னொன்னும் குடுத்துட்டேன். என்னைய என்ன வேணா செய்யுங்க ஐயா. அவளக் காப்பாத்துங்க."

டொக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தார். அட்டெனலோல். திட்டப் போகிறார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் தெளிந்துவிட்டது.

"நெஞ்சில கோளாறு இல்லை ஜெயந்தினி. நெஞ்சு ஓடப் பாக்குது, மாத்திரை பிடிச்சு வச்சிருக்கு. இது கிருமிதான். கண்டி வேணாம். சேலைனைத் திறந்து விடுங்க!"

பிறகு யாருக்கும் பேச நேரமில்லை. ரத்தம் எடுத்தோம், அன்டிபயோட்டிக் ஏற்றினோம், இரண்டு கையிலும் சேலைன் ஓடியது. டியூப் போட்டபோது வந்த சிறுநீர் சேற்றுத் தண்ணீர் போல இருந்தது. கிருமி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. மலையில் கக்கூஸ் கிடையாது. ஒதுங்க இடம் தேட வேண்டுமே, அட்டைப்பூச்சி கடிக்குமே என்று, காலையில் குடித்த ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு மத்தியானம் வரை தண்ணீர் தொடாமல் கொழுந்து எடுப்பார்கள். வந்த மூத்திரத்தையும் அடக்குவார்கள். வேகமாக எடுக்கிறவள் இன்னும் அதிகமாக அடக்குவாள். கக்கூஸ் கட்டித் தர வேண்டியவர்களை நினைத்து அன்றைக்கு நான் மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

சேலைன் போதாமல் பிரஷரைத் தூக்கும் மருந்தும் ஓடியது. ஐ.சி.யு.வில் மூன்று நாள். மூன்று நாளும் வடிவக்கா வாசல் படியில் இருந்தார். முதல் நாளே பூனைப் பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "இனிமே இதத் தொடமாட்டேன் மிஸ்ஸி" என்றார். நான் எதையாவது சொல்லியிருக்க வேண்டும். அந்த நாற்பது நிமிடத்தைச் சொல்லாமல் பையை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நான்காம் நாள் காலை ஜீவராணி கண் விழித்து, ரொட்டியும் சம்பலும் கேட்டாள். கஞ்சிதான் என்று சொன்னோம். "கஞ்சி குடிக்கவா பொழைச்சேன்?" என்றாள். வாசலில் இருந்த வடிவக்காவிடம் போய் இதைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அப்படியே அழுதார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். கெடுத்தது டொக்டர் நிரோஷன்.

வார்ட்டுக்கு மாற்றிய நாள், பயிற்சிக்கு வந்திருந்த இரண்டு டொக்டர்களுக்கு ஜீவராணியின் கட்டிலடியில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். செப்டிக் ஷொக்கில் நாடி மிக வேகமாக ஓடுகிறவர்கள் கூடுதலாக இறந்துபோகிறார்கள் என்றும், நாடி அடங்கியிருப்பவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்றும் சில ஆய்வுகள் சொல்கின்றனவாம். முன்பே இந்த வகை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அப்படி ஒரு பேச்சு உண்டாம். "ஆனா அது மாத்திரையாலயா, அந்த ஆட்களோட உடம்பே அப்படியா எண்டு உறுதியாத் தெரியாது. இன்னும் ஆராய்ச்சி நடக்குது" என்று சேர்த்தும் சொன்னார். ஜீவராணிக்குக் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

அவள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம். மேல் லயத்தில் அந்த வெள்ளை மாத்திரைக்கு "உசுரு மாத்திரை" என்று பெயர் வந்துவிட்டது. வடிவக்கா குடுத்த மாத்திரைதான் எமனையே திருப்பி அனுப்பியது என்று ஜீவராணி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னாள். காய்ச்சல் வராதவர்கள்கூட வீட்டில் ஒரு அட்டை இருக்கட்டும் என்று கேட்டு வந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இராமையா அண்ணன் வந்தாராம். "அது என்னோட மாத்திரை. எனக்கே திருப்பிக் குடு." மூச்சு இழுப்புள்ள அந்த மனிதர் நாலு நாள் அதைப் போட்டிருந்தால் நேரே எங்களிடம்தான் வந்திருப்பார், அதுவும் படுத்த வாக்கில்.

வடிவக்கா எனக்குப் போன் எடுத்தார். "மிஸ்ஸி, அவசரம்." இந்த முறை நான் உடனே கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டொக்டரும் நானும் மூனாங்கட்டைக்குப் போனோம். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களை ஓரம் கட்டிவிட்டு எல்லாரையும் உட்கார வைத்திருந்தார்கள். டொக்டர் அரை மணி நேரம் பேசினார். ஒருவர் மாத்திரை மற்றவருக்கு விஷம் என்றார், தண்ணீர் குடியுங்கள் என்றார், படம் கீறிக் காட்டினார். எல்லாரும் நன்றாகத் தலையாட்டினார்கள். முடிந்ததும் இராமையா அண்ணன் எழுந்து மரியாதையாகக் கேட்டார்.

"எல்லாம் வெளங்குதுங்க ஐயா. அந்த மாத்திரைய எப்பக் குடுப்பீங்க?"

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பின்னால் சுவரோடு நின்ற வடிவக்கா முன்னால் வந்தார். லயமே அவரைத் தெய்வம் மாதிரி பார்த்தது. அன்றைக்கு அவர் சும்மா இருந்திருந்தாலே போதும், சாகும் வரை அந்தப் பேர் அவருக்கு நின்றிருக்கும்.

"லயத்துக்குக் கள்ளன் வந்தா மொதல்ல யாரு சொல்லுவா?" என்று கேட்டார்.

"நாயி" என்றார்கள் பிள்ளைகள்.

"ம். நாயி கொரைக்கும், நாம எந்திரிப்போம். ஜீவராணி ஒடம்புக்குள்ள கள்ளன் வந்துட்டான். அவ நெஞ்சு கொரைக்கப் பாத்துச்சு. நான் என்ன செஞ்சேன்? காலையில ஒன்னு, பஸ்ஸுக்கு நிக்கயில இன்னொன்னு குடுத்து நாயி வாயில துணியக் கட்டிட்டேன். கொரைக்கலைன்னதும் கள்ளன் இல்லைன்னு எல்லாரும் இருந்துட்டாங்க. அதுதான் நான் குடுத்த மாத்திரை. அவ பொழைச்சது இந்த ஐயாவால. நான் குடுத்ததால சாகப் பாத்தா. எட்டு வருசமா என்னைய நம்பிக் கொப்பியக் குடுத்தீங்க. நான் டொக்டர்னு நெனைச்சுக்கிட்டேன். தப்பு என்னோடது. இனி ஆருக்கும் ஆரோட மாத்திரையும் இல்ல. இராமையாண்ணே, ஒங்களுக்குந்தான்."

ஜீவராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். காலையில் கொடுத்த ஒன்று, பஸ்ஸுக்கு நிற்கையில் கொடுத்த இன்னொன்று, எதையும் மறைக்கவில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அந்த பெஞ்சை. "எல்லாரும் இருந்துட்டாங்க" என்றாரே, அந்த எல்லாரும் நான் ஒருத்திதான். அந்த நாற்பது நிமிடத்தை அவர் லயத்தில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை என்று அவர்கள் என்னைப் பார்த்த மரியாதையிலேயே தெரிந்தது. அப்போது என் விரலில் யாராவது கிளிப்பை மாட்டியிருந்தால் நூற்றிருபது காட்டியிருக்கும்.

எழுந்தேன். "இன்னொரு தப்பும் நடந்துச்சு" என்றேன். "வடிவக்கா அவசரம்னு சொன்னாங்க. நான் நாடிய மட்டும் பாத்துட்டு, பிரஷர் பாக்காம நாப்பது நிமிஷம் பெஞ்சில உக்கார வச்சேன். அது என்னோட தப்பு."

யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். வடிவக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

"அதுக்கும் காரணம் நான்தான் மிஸ்ஸி" என்றார். "பருப்புக்கெல்லாம் அவசரம்னு கூப்பிட்டவ நானு. அன்னைக்கு நெசமா கூப்பிட்டா எப்படி நம்புவீங்க?"

முதலில் சிரித்தது ஜீவராணி. அப்புறம் மற்றவர்கள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதேனா சிரித்தேனா என்று கேட்காதீர்கள்.

கையோடு கொண்டு போயிருந்த பூனைப் பையை அன்றைக்கே நான்தான் அவர் தோளில் மாட்டிவிட்டேன். டொக்டர் பெரிய டொக்டரிடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தார். இப்போது மாதம் எட்டுப் பேர் முறை வைத்து நேரில் வருகிறார்கள். பிரஷரும் சுகரும் நிதானமாக இருக்கிற மற்றவர்களுக்கு முறை வரும் வரை மருந்து சேர்த்துக் கொடுக்கிறோம். எட்டுப் பேரையும் பஸ்ஸில் ஏற்றி இறக்கி, வரிசையில் நிறுத்தி, பிரஷர் பார்க்கும்போது பக்கத்தில் நின்று, "நான் சொன்னேன்ல, நூத்தி நாப்பதுன்னு" என்று பெருமைப்படுவது வடிவக்காதான். பையில் கொப்பிகளோடு ஒரு பால்மா டின்னும் வருகிறது. லயத்தில் மிச்சப்பட்ட மாத்திரை முழுவதும் அதில் கிடக்கும். மருந்துக் கவுண்டரில் இருக்கும் சிங்கள மாத்தயாவிடம் அதைக் கவிழ்த்துவிட்டு வெறும் டின்னை வாங்கிப் போவார். ஜீவராணிக்கும் இப்போது சொந்தமாகக் கொப்பி உண்டு, மூத்திரக் கிருமிக்கென்று நீல நூல். மலைக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு போகிறாளாம். கக்கூஸ் கேட்டுத் தொரையிடம் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கெட்ட பழக்கம் மட்டும் போகவில்லை. போன புதன்கிழமை ஜன்னலில் தலை நீண்டது. "மிஸ்ஸி, அவசரம்!" எழுந்து ஓடினேன். பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். திட்டிவிட்டு வந்தேன். கால் மணி நேரத்தில் மறுபடி. பையின் சிப் சிக்கிக்கொண்டதாம். அதையும் இழுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, இந்த முறை விடக்கூடாது என்று வாயைத் திறந்துகொண்டே எழுந்து போனேன்.

"என்ன வடிவக்கா இப்ப?"

"ஒன்னுமில்லைங்க மிஸ்ஸி" என்று சிரித்தார். "வர்றீங்களான்னு பாத்தேன்."